கடலை அளக்க ஒரு நாடு போதாது



இந்த வாரம் ஒரு கணக்கோடு தொடங்குவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்கு, வட சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவு கொண்ட நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்திலிருந்து பினாங்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆழிப்பேரலை முதலில் எந்த ஊரை அடைந்திருக்கும்?

பினாங்கு என்றுதான் பெரும்பாலோர் சொல்வீர்கள். உண்மை வேறு. சென்னைக் கரையை அலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தொட்டது. பினாங்குக்கு அது வந்தபோது பிற்பகல் 1 மணி கடந்துவிட்டது, அதாவது நான்கு மணி நேரத்துக்கும் மேல். நான்கில் ஒரு பங்கு தூரத்தில் இருந்த ஊருக்கு அலை தாமதமாக வந்திருக்கிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்கான விடை, உலக நாடுகள் ஏன் கடல் ஆய்வுக் கருவிகளையும் கப்பல்களையும் பகிர்ந்துகொள்கின்றன என்ற இன்றைய பாடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும்.

ஆழம் குறைந்தால் வேகம் குறையும்

படிவம் 4 இயற்பியலில் அலைத் தொட்டிச் சோதனையைப் படித்திருப்பீர்கள். தொட்டியின் ஒரு பகுதியில் கண்ணாடித் தகட்டை வைத்து ஆழத்தைக் குறைத்தால், அங்கே அலை மெதுவாகச் செல்லும். ஆழிப்பேரலைக்கும் இதே விதிதான். அதன் அலைநீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கலாம். அவ்வளவு நீண்ட அலைக்கு நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் ஆழமற்ற தொட்டி போன்றதே. அதன் வேகத்தை இப்படிக் கணக்கிடலாம்:

வேகம் = √(ஈர்ப்பு முடுக்கம் × ஆழம்)

ஆழம் 4,000 மீட்டர் என்றால்: √(9.8 × 4,000) = 198 மீ/வி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 713 கி.மீ. கிட்டத்தட்ட விமானத்தின் வேகம்.

ஆழம் 50 மீட்டர் என்றால்: √(9.8 × 50) = 22 மீ/வி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம்.

வங்காள விரிகுடா ஆழமானது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. போதாததற்கு, அலை ஆச்சே முனையைச் சுற்றிக்கொண்டுதான் நீரிணைக்குள் நுழைய வேண்டும். இன்னொன்றும் உண்டு. அன்று கடலடித் தட்டு ஒரு புள்ளியில் மட்டும் பிளக்கவில்லை. மையத்திலிருந்து வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பிளந்துகொண்டே போனது. அதனால் இந்தியாவை நோக்கிய அலை, இந்தியாவுக்கு இன்னும் நெருக்கமான இடத்திலிருந்தும் புறப்பட்டது.

சிலாங்கூர் கரையில் இருக்கும் நமக்குச் சுமத்ரா தீவே அன்று தடுப்புச்சுவராக நின்றது. தீவின் மறைவில் இருந்ததால் பேரலை நம் பக்கம் பெருமளவு தணிந்துபோனது.

நேரம் இருந்தது, தகவல் இல்லை

மலேசியாவில் அன்று 68 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் பினாங்கில். நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்தில், அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இங்கே நின்று யோசியுங்கள். ஆச்சே மக்களுக்கு இருபது நிமிட அளவே நேரம் கிடைத்தது. நாகப்பட்டினத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. பினாங்குக்கு நான்கு மணி நேரம். கடற்கரையில் இருப்பவர் மேட்டுக்குப் போகப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு ஏன் இத்தனை உயிர்கள்?

நிலநடுக்கம் யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்து நிமிடங்களில் அதைப் பற்றி முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அந்த மையம் பசிபிக் நாடுகளுக்காக 1965இல் தொடங்கிய ஏற்பாட்டின் பகுதி. பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்று அந்த அறிக்கை சொன்னது. இந்தியப் பெருங்கடல் நாடுகளை அழைத்துச் சொல்ல ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. நிலநடுக்கமானி நிலம் அதிர்ந்ததைத்தான் சொல்லும். நீர் எழும்பியதா என்பதைச் சொல்லாது. எல்லாக் கடலடி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையை உண்டாக்குவதில்லை. அலை பிறந்ததை உறுதிசெய்யக் கடலுக்குள் கருவி வேண்டும். பசிபிக் பெருங்கடலில் அப்போது அதற்கென ஆறு ஆழ்கடல் நிலையங்கள் இருந்தன. இந்தியப் பெருங்கடலில் ஒன்றுகூட இல்லை.

கடலடியில் ஒரு தராசு

அந்த ஆழ்கடல் நிலையம் எப்படி வேலை செய்கிறது? படிவம் 5இல் வரும் நீர்ம அழுத்தப் பாடமே இதற்குப் போதும்.

அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × நீர்மத்தின் உயரம்

கடலடியில் ஓர் அழுத்தமானியை வைத்தால், அதற்கு மேலுள்ள முழு நீரின் எடையையும் அது உணரும். கடல்நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,025 கிலோகிராம். 4,000 மீட்டர் ஆழத்தில் நீரினால் ஏற்படும் அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லியன் பாஸ்கல். மேலே கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் கீழே அழுத்தம் ஏறத்தாழ 100 பாஸ்கல் கூடும். 400,000இல் ஒரு பங்கு மாற்றம். அதையும் இந்தக் கருவி கண்டுபிடித்துவிடும்.

காற்றினால் எழும் சாதாரண அலைகள் இதைக் குழப்பாதா? குழப்பாது. அவற்றின் அலைநீளம் குறைவு. அவற்றின் ஆட்டம் ஆழத்துக்குப் போகப்போக மங்கி, கடலடியை எட்டுவதில்லை. கடல் ஏற்ற இறக்கமோ பல மணி நேரம் எடுத்து மெல்ல மாறும். நிமிடக்கணக்கில் ஏறி இறங்குவது எதுவோ அதுதான் ஆழிப்பேரலை. 2004இல் பேரலை நடுக்கடலில் சென்றுகொண்டிருந்தபோது, நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய ஜேசன்-1 செயற்கைக்கோள் அதற்கு மேலே கடந்து போனது. அது அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

கடலடிக் கருவி தன் அளவீட்டை ஒலி அலையாக மேலே அனுப்பும். மேலே மிதக்கும் மிதவை அதை வாங்கிச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து தரையில் உள்ள மையத்துக்குச் சில நிமிடங்களில் செய்தி வந்துவிடும்.

யார் எதைத் தருகிறார்கள்?

ஒரு நாடு தனக்கென்று மட்டும் இப்படி ஓர் அமைப்பை வைத்துக்கொள்ள முடியாதா? மலேசியாவை எடுத்துக்கொள்வோம். நம் மேற்குக் கரைக்கு வரக்கூடிய பேரலை பிறக்கும் இடம் நம் கடலில் இல்லை. சுமத்ராவுக்கு மேற்கே, நிக்கோபார், அந்தமான் அருகே உள்ளது. நம் எல்லைக்குள் எத்தனை கருவிகளை வைத்தாலும் அவை அலை வீட்டு வாசலுக்கு வந்த பிறகே மணியடிக்கும். நமக்கு வேண்டிய தகவல் அடுத்தவர் கடலில் இருக்கிறது. அடுத்தவருக்கும் அப்படியே.

அதனால் 2004க்குப் பிறகு, யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையத்தின் கீழ், இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஒரு கூட்டு எச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. அதில் வேலை இப்படிப் பங்கிடப்பட்டுள்ளது:

முதலாவது, கணிப்பு. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் முழுப் பெருங்கடலுக்கும் சேர்த்துக் கணிப்பை வழங்குகின்றன. இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில், 2007 அக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்று மையங்களும் இந்த வட்டாரப் பொறுப்பை முழுமையாக ஏற்கும்வரை, ஹவாய் மையமும் ஜப்பானிய வானிலை நிறுவனமும் இடைக்கால உதவி செய்தன.

இரண்டாவது, கருவிகள். இந்தியா வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நிறுத்தியது. தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் இடையே 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்ட நிலையம் அமெரிக்கா தாய்லாந்துக்கு வழங்கியது. கரையோர நாடுகள் தங்கள் துறைமுகங்களில் உள்ள கடல்மட்ட அளவிகளின் தகவலைத் தருகின்றன.

மூன்றாவது, எச்சரிக்கை. வட்டார மையங்கள் தருவது கணிப்பு மட்டுமே. மக்களைக் கரையிலிருந்து வெளியேறச் சொல்லும் அதிகாரம் அந்தந்த நாட்டுக்கே உண்டு. நம் நாட்டில் எச்சரிக்கை விடுவது மலேசிய வானிலை ஆய்வுத் துறை, அதாவது மெட்மலேசியா.

இந்த ஏற்பாட்டுக்கு 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பெரிய சோதனை வந்தது. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம். பல நாடுகளில் எச்சரிக்கை விடப்பட்டது. மக்கள் கடற்கரையை விட்டு விலகினார்கள். ஆனால் அம்முறை நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தனவே தவிர, கடலை மேலே தூக்கவில்லை. சிறிய அலைகளே எழுந்ததைக் கடல்மட்ட அளவீடுகள் காட்டின. சில மணி நேரத்தில் எச்சரிக்கைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. ‘ஓடுங்கள்’ என்று சொல்ல நிலநடுக்கமானி போதும். ‘இனி வீடு திரும்பலாம்’ என்று துணிந்து சொல்லக் கடலில் கருவி வேண்டும்.

கருவி ஒருவருடையது, கப்பல் இன்னொருவருடையது

பேரலை எப்போதோ வருவது. கடலை அளக்க அன்றாடக் காரணமும் நமக்கு உண்டு. கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள ராஜா மூசா வனக்காப்பகம் கரிமண் சதுப்புக் காடு. நீண்ட வறட்சியில் அந்த மண்ணே தீப்பிடித்துப் புகையும். சுமத்ராவில் உள்ள கரிமண் நிலங்களும் எரிந்தால் புகைமூட்டம் நீரிணையைக் கடந்து நம் பள்ளிகளை மூடவைக்கும்.

அந்த வறட்சிக்கு எல் நினோவோடு இன்னொரு காரணத்தையும் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஜப்பானில் பணியாற்றிய இந்தியரான சாஜி, ஜப்பானியரான யமகாத்தா ஆகியோர் அடங்கிய குழு 1999இல் அதை விளக்கியது. சில ஆண்டுகளில் சுமத்ராவை ஒட்டிய கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும், ஆப்பிரிக்கா பக்கத்துக் கடல் வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிர்ந்த கடலுக்கு மேல் மேகம் குறையும். சுமத்ரா வட்டாரத்தில் மழை பொய்க்கும். இதற்கு ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்று பெயர். 1997லும் 2019லும் இது வலுவாக இருந்தது. இரண்டுமே மோசமான புகைமூட்டம் கண்ட ஆண்டுகள்.

இதை முன்கூட்டி அறிய, கடலின் வெப்பநிலையை மேற்பரப்பில் மட்டுமன்றி ஆழத்திலும் நாள்தோறும் அளக்க வேண்டும். அதற்காக 2004இல் தொடங்கியது ‘ராமா’ என்ற மிதவைத் திட்டம். இந்தியப் பெருங்கடலின் குறுக்கே 46 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்துவது அதன் தொடக்க வரைபடமாக இருந்தது. இங்கேதான் பகிர்வின் சூட்சுமத்தைப் பார்க்கலாம். மிதவைகளில் பெரும்பாலானவற்றுக்கான கருவிகளை அமெரிக்கா தருகிறது. ஆனால் மிதவையைக் கொண்டுபோய் நிறுத்தவும், பழுதானதை மாற்றவும் ஆய்வுக் கப்பல் வேண்டும். ஓர் ஆய்வுக் கப்பல் கடலில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் பெருஞ்செலவு. அந்தக் கப்பல் நாள்களை இந்தியா, இந்தோனேசியா, ஜப்பான் முதலிய நாடுகள் தருகின்றன. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இயக்கும் ‘சாகர் நிதி’ அவ்வாறு இப்பெருங்கடலில் வேலை செய்யும் கப்பல்களில் ஒன்று. அளவீடுகள் செயற்கைக்கோள் வழியே வந்ததும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பணம் கொடுத்த நாட்டுக்கு ஒரு விலை, கொடுக்காத நாட்டுக்கு ஒரு விலை என்பது இல்லை.

இதைவிடப் பெரிய கூட்டு ‘ஆர்கோ’. ஏறத்தாழ 30 நாடுகள் சேர்ந்து உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகளை விட்டுள்ளன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போகும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்தபடி மேலே வந்து தகவலை அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும்.

நாம் கொடுப்பது என்ன?

வாங்குவதோடு நாம் நிற்கவில்லை. லங்காவி முதல் போர்ட் கிள்ளான் வரையும் அதற்கு அப்பாலும் மலேசிய நில அளவை, வரைபடத் துறை கடல்மட்ட அளவிகளை இயக்குகிறது. இவற்றில் போர்ட் கிள்ளான் நிலையம் தனிச் சிறப்புடையது. 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் அங்கே எடுத்த அளவீட்டின் சராசரிதான் தீபகற்ப மலேசியாவில் எல்லா உயரங்களுக்கும் சுழியம். புக்கிட் மெலாவாத்தியின் உயரமும் அங்கிருந்தே எண்ணப்படுகிறது.

அதே போர்ட் கிள்ளான் அளவீடு இங்கிலாந்தின் லிவர்பூலில் 1933 முதல் இயங்கும் உலகக் கடல்மட்டக் காப்பகத்திலும் உள்ளது. உலகக் கடல் மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று கணக்கிடுபவர் எந்த நாட்டவரானாலும் நம் எண்ணையும் சேர்த்தே கணக்கிடலாம். நம் கரையோரச் செம்பனைத் தோட்டங்களுக்கும் இந்த எண் முக்கியம். கடல் ஏறும்போது கால்வாய் மடையை மூடி, இறங்கும்போது திறந்து மழைநீரை வடிப்பதே இங்குள்ள வழக்கம். கடல் மட்டம் உயர உயர, மடையைத் திறந்துவைக்கும் நேரம் சுருங்கும்.

பகிர்வதற்கும் சட்டம் உண்டு

‘அறிவியலுக்காகத்தானே’ என்று சொல்லிக்கொண்டு எந்த நாட்டுக் கப்பலும் எங்கும் போய் ஆய்வு செய்ய முடியாது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கைப்படி, கரையிலிருந்து 200 கடல்மைல் வரை உள்ள பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்ய அந்தக் கரையோர நாட்டின் ஒப்புதல் தேவை. மலாக்கா நீரிணை அவ்வளவு அகலமே இல்லை. அதில் ஒரு சொட்டும் பொதுக்கடல் கிடையாது.

இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் உண்டு. கடலடியின் வரைபடம் மீன்வளத்தைக் காட்டும், எண்ணெய் வளத்தைக் காட்டும், நீர்மூழ்கிக் கப்பல் போகும் வழியையும் காட்டும். ஆர்கோ மிதவைக்கோ நீரோட்டம் இழுக்கும் வழிதான் வழி. எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. அதற்கும் ஒரு வழிமுறை உள்ளது. மிதவை ஒரு நாட்டின் மண்டலத்துக்குள் நுழையக்கூடும் என்றால் அந்நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கடலியல் ஆணையம் 1999இல் தீர்மானித்தது.

புக்கிட் மெலாவாத்தியில் 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு நம்முடையது, அதைப் பராமரிப்பதும் நாமே. அதன் ஒளியோ எந்தக் கொடி பறக்கும் கப்பலுக்கும் பொது. கடல் கருவிகளைப் பற்றிய இன்றைய ஏற்பாட்டையும் இப்படிப் புரிந்துகொள்ளலாம். உரிமையும் செலவும் ஒருவருக்கு, தகவல் எல்லாருக்கும்.

மிதவைக்கு யார் காவல்?

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் கடலிலேயே இருக்கிறது. தென்னை ஓலைகளைக் கட்டி மிதக்கவிடும் ‘உஞ்ஜாம்’ அருகே மீன் கூடும் என்பது நம் மீனவர்களுக்குத் தெரியும். அறிவியல் மிதவையின் நிழலிலும் அப்படியே மீன் கூடுகிறது. மீன்பிடிப் படகுகள் வந்து மிதவையிலேயே கயிற்றைக் கட்டுகின்றன. வலை சிக்குகிறது, கருவி முறிகிறது. சிலர் உதிரிப்பாகங்களைக் கழற்றிக்கொண்டும் போகிறார்கள். ‘ராமா’ திட்டம் இதனால் நிறைய அளவீடுகளை இழந்துள்ளது.

2018 செப்டம்பரில் சுலாவேசியின் பாலு நகரை ஆழிப்பேரலை தாக்கியபோது, இந்தோனேசியாவின் சுனாமி மிதவைகள் 2012 முதலே இயங்கவில்லை என்று அந்நாட்டுப் பேரிடர் அமைப்பின் பேச்சாளர் சுத்தோப்போ வெளிப்படையாகச் சொன்னார். சேதமும் திருட்டும் பராமரிப்புப் பணம் இல்லாததும் காரணங்கள். பாலுவில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டதால், மிதவை இருந்திருந்தாலும் அங்கே பெரிதாக உதவியிருக்காது. ஆனால் தொலைவிலிருந்து வரும் அலைக்கு, 2004இல் பினாங்குக்கு வந்தது போன்ற அலைக்கு, அந்த மிதவைதான் கண். நடுக்கடலில் அதற்குக் காவலாளி கிடையாது. அதைக் கடந்துபோகும் படகுக்காரர்தான் காவல்.

தஞ்சோங் காராங்கிலோ செகிஞ்சானிலோ கடலுக்குப் போகும் உறவினர் உங்களுக்கு இருந்தால், இதைப் பற்றிப் பேசுங்கள். மஞ்சள் மிதவையில் ஆன்டெனாவும் சூரியத் தகடும் தெரிந்தால், அது வலைக்காரர் எவரும் விட்டுப்போனது அல்ல. அதில் படகைக் கட்டக்கூடாது.

செய்து பாருங்கள்

1. ஆழம் 1,000 மீட்டர் உள்ள கடலில் ஆழிப்பேரலையின் வேகத்தை மீ/வி, கி.மீ/மணி ஆகிய இரண்டிலும் கணக்கிடுக.

2. கடலடி அழுத்தமானி 500 பாஸ்கல் உயர்வைக் காட்டுகிறது. மேலே கடல் மட்டம் ஏறத்தாழ எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும்?

3. போர்ட் கிள்ளானின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்து, ஒரு வாரத்துக்கு உயர் ஏற்ற நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு உயர் ஏற்றங்களுக்கு இடையே எவ்வளவு நேரம்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்தின் உயரம் எப்படி மாறுகிறது?

4. குழுவாகக் கலந்துரையாடுங்கள்: ஒரு நாடு தன் கடலுக்குள் அயல்நாட்டு ஆய்வுக் கப்பலை அனுமதிக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை? அனுமதி மறுத்தால் அந்த நாடு எதை இழக்கும்?

விடைகள்: (1) 99 மீ/வி, ஏறத்தாழ 356 கி.மீ/மணி. (2) ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். (3) ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். நான்காம் கேள்விக்கு ஒரே விடை கிடையாது; உங்கள் குழுவின் முடிவைக் காரணங்களோடு எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.